பாகற்காய் எங்கே போச்சு?

போன இதழில் நார்த்தங்காயை உப்பில் போடுவது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களில் ஒன்றுக்கும் நார்த்தங்காய்க்கும் சம்பந்தமே இல்லை. "அக்கா, என் மகள் கிடார் கற்றுக்கொள்கிறாள். எனக்குச் சின்ன வயசிலிருந்து நோட்டுப் புத்தகத்தில் பாட்டு எழுதுகிற பழக்கம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பண்ணலாம் என்று உட்கார்ந்தால் சண்டையில்தான் முடிகிறது. என் வார்த்தை அவள் மெட்டில் உட்காரமாட்டேன் என்கிறது. உங்கள் வீட்டிலும் கிடார் இருப்பதாக எழுதியிருந்தீர்களே, இதற்கு ஒரு வழி சொல்லுங்களேன்" என்று ஒரு தங்கை கேட்டிருந்தார்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஸ்கூலில் தமிழ் வாத்தியார் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்த குறில், நெடில், தேமா, புளிமாதான் என் மூலதனம். ஆனாலும் இந்த நாலு மாசத்தில் எங்கள் வீட்டில் ஒரு பாட்டு உண்டாச்சு. நாலே வரிதான். அந்த நாலு வரிக்குப் பட்ட பாடு இருக்கிறதே, நூறு முறுக்கு சுற்றியிருக்கலாம்!

என் பெரியவள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. தாயும் சேயும் சௌக்கியம் என்று எல்லோருக்கும் போன் பண்ணிச் சொல்லி முடிப்பதற்குள் பெரியவள் அழ ஆரம்பித்துவிட்டாள். காரணமே கிடையாது. காப்பி ஆறிப்போச்சு என்றால் அழுகை, குழந்தை சரியாகப் பால் குடிக்கலை என்றால் அழுகை. முதல் சில நாள் நிறையப் பேருக்கு இப்படி இருக்கும், ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் கட்டாயம் சொல்லணும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தார். மூன்றாவது வாரமும் அப்படியே இருந்ததால் கூட்டிப்போய்க் காட்டினோம். (இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் "எல்லாம் சரியாயிடும்" என்று தள்ளிப்போடாதீர்கள்.) டாக்டரம்மா பொறுமையாகப் பேசி, வைத்தியமும் சொல்லி, "முதல்ல இந்தப் பொண்ணு ராத்திரியில சேர்ந்தாப்போல கொஞ்ச நேரம் தூங்கணும். வீட்டுல இருக்கிறவங்க குழந்தையை முறை போட்டுப் பார்த்துக்குங்க" என்றார்.

அப்படித்தான் ராத்திரி பதினோரு மணியிலிருந்து என் முறை ஆச்சு. பசித்தால் குழந்தையை அம்மாவிடம் விட்டு எடுத்துக்கொள்வேன். மற்றபடி தொட்டில் என் பொறுப்பு. தொட்டிலை ஆட்டினால் மட்டும் போதுமா, பாடணுமே! என் அம்மா பாடின தாலாட்டு எனக்குப் பாதிதான் ஞாபகம். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முழுசாகத் தெரியும். ஆனால் பாட ஆரம்பித்தால் இருமல் வந்துவிடுகிறது.

அடுத்த அறையில் சின்னவன். கல்லூரியில் முதல் வருஷம். அவன் கதையையும் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவில் எங்கள் வீட்டுக்காரர் எதிர்பார்த்த மார்க் வரவில்லை. கிடார்தான் காரணம் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். அன்றையிலிருந்து அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே பேச்சு என்றால் "கேட்டைப் பூட்டியாச்சா?", "பூட்டியாச்சு" அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டு சத்தமே வராமல் கம்பியைத் தடவிக்கொண்டிருப்பான்.

ஒருநாள் ராத்திரி குழந்தை விடாமல் அழ, கதவைத் திறந்து வெளியே வந்து தரையில் உட்கார்ந்து ஏதோ வாசித்தான். குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நிறுத்தவில்லை. எனக்குத்தான் அந்த மெட்டு பிடித்துப்போச்சு. "இதுக்கு வார்த்தை எழுதட்டுமாடா?" என்றேன். தோளைக் குலுக்கினான். அவன் பாஷையில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

மறுநாள் சமையல் முடித்துவிட்டு, பால் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கம் உட்கார்ந்து எழுதினேன். முதல் வரி: "பகல் போச்சு நிலா வா." எப்படி? எனக்கே பெருமை தாங்கவில்லை. அவன் வாசிக்க, நான் பாடினேன். மெட்டு "தான தான தான தா" என்று போகிறது. நானும் அதோடு போனேன். பாடி முடித்து நிமிர்ந்தால் பெரியவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"அம்மா, பாகற்காய் எங்கே போச்சு?"

"பாகற்காயா?"

"நீதான் பாகல் போச்சு, பாகல் போச்சுன்னு பாடினே. பாகல் போனா நீலாவை ஏம்மா வா வான்னு கூப்பிடறே? யாரும்மா அந்த நீலா?"

தம்பிக்காரன் கிடாரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். குழந்தை பிறந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாட்டுப் போனால் போகட்டும் என்று இருந்தது எனக்கு.

ஆனால் தோழியரே, விஷயமே இந்தப் பாகற்காயில்தான் இருக்கிறது. தமிழில் எழுத்தை நீட்டினால் அர்த்தமே மாறிப்போகும். மலை மாலையாகும். படம் பாடமாகும். குடை கூடையாகும். விடு என்றால் வீடு வந்து நிற்கும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று படித்தோமே, கண் இமைக்கிற நேரம், விரல் நொடிக்கிற நேரம் என்று அளவு சொல்வார்களே, அது பரீட்சைக்காக வைத்ததில்லை, பாடுவதற்காக வைத்தது என்று இத்தனை வயசுக்கப்புறம் புரிந்தது. மெட்டு எங்கே நீட்டுகிறதோ அங்கே நெடில் இருக்கணும். மெட்டு "தா" என்கிற இடத்தில் நான் "ப" என்று குறிலைக் கொண்டு வைத்தால், பாடுகிறவள் அதை "பா" ஆக்காமல் என்ன செய்வாள்? தப்பு பாடுகிறவள்மேல் இல்லை, எழுதினவள்மேல்தான்.

அதனால் வார்த்தையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் மெட்டைத் தத்தகாரமாக எழுதிக்கொள்ளுங்கள். மகளை மெட்டை மட்டும் வாசிக்கச் சொல்லி, நீங்கள் கூடவே "தன்னா, தானா, தான" என்று வாய்க்கு வந்ததைப் பாடுங்கள். எங்கே "தா" வருகிறது, எங்கே "த" வருகிறது என்று தாளில் குறியுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் அளவு ரவிக்கை. இனி துணியை அதன்மேல் போட்டு வெட்டவேண்டியதுதான். நம் சினிமாவிலும் பெரும்பாலும் மெட்டுதான் முதலில் வரும், பாட்டு பிறகுதான் எழுதுவார்கள். சின்னவன் ஒரு கதை சொன்னான். பீட்டில்ஸ் கோஷ்டியின் பால் மெக்கார்ட்னிக்கு "யெஸ்டர்டே" பாட்டின் மெட்டு முதலில் வந்துவிட்டதாம், வார்த்தை வரவில்லையாம். மெட்டு மறந்துபோகாமல் இருக்க, முட்டைப் பொரியல் என்று அர்த்தம் வருகிற இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டே பாடிக்கொண்டிருந்தாராம். 1965-ல் பாட்டு வெளியானபோது முட்டை போய் நல்ல வார்த்தை வந்துவிட்டது. "பாகற்காய்க்கு முட்டை தேவலைடா" என்றேன்.

தாளம் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மெட்டை அவன் முதலில் நாலு நாலாகத் தட்டி வாசித்துப் பார்த்தான். "தகதிமி, தகதிமி" என்று பள்ளிக்கூடத்து அணிவகுப்பு மாதிரி இருந்தது. குழந்தை எழுந்து நடந்துவிடுவாளோ என்று பயமாகிவிட்டது! நான் தொட்டிலை ஆட்டிக் காட்டினேன். போகிறபோது மூன்று, வருகிறபோது மூன்று. "தகிட, தகிட." திஸ்ர நடை என்று நம்மவர்கள் சொல்வது. அவன் அதற்கு சிக்ஸ் எய்ட் என்று பெயர் சொன்னான். பெயர் எதுவானால் என்ன, கை தொட்டிலோடு போகணும். "தான" என்றால் இரண்டும் ஒன்றும் மூன்று. தொட்டில் கணக்கு சரியாக வந்துவிட்டது பாருங்கள்.

இரண்டு நாள் யோசித்து எழுதின வரி இது: "அந்தி சாஞ்சு போச்சும்மா, முந்தி மேல தூங்கும்மா." பழைய புடவையில்தானே தொட்டில் கட்டியிருக்கிறோம், முந்தானை அதற்குள்ளேதான் கிடக்கிறது. எதுகையும் தானாக வந்து விழுந்தது.

"அந்தி"யில் முதல் எழுத்து குறில்தானே, அங்கே மட்டும் எப்படிச் சரியாகிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் குழம்பினேன். அந்த "அ"வுக்குப் பக்கத்தில் ஒரு "ந்" இருக்கிறதே, அது துணைக்கு வருகிறது. குரல் "ந்" மேல் நின்று ரீங்காரம் போடும். அர்த்தம் கெடாது. பாடிப் பாருங்கள், தெரியும். ஆனால் எல்லா ஒற்றும் இப்படி உதவாது. "பட்டு" என்று வைத்து நீட்டிப் பாருங்கள். "ட்"டில் குரல் நிற்காது, டப்பென்று அடைத்துக்கொள்ளும். வேறு வழியில்லாமல் "பாட்டு" என்று ஆகிவிடும். தாலாட்டுக்கு ங், ஞ், ந், ம் எல்லாம் வெண்ணெய் மாதிரி. தூங்கு, சாஞ்சு, கம்பி... எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும்.

வரியின் கடைசி எழுத்திலும் கவனம் வேண்டும். மெட்டு அங்கே மூன்று மாத்திரை நின்று இளைப்பாறுகிறது. நான் முதலில் "அந்தி சாஞ்சு போச்சடி" என்றுதான் வைத்திருந்தேன். நீட்டினால் "போச்ச டீ..." அத்தை உள்ளேயிருந்து, "எனக்கும் ஒரு டம்ளர் போடு" என்றார். கேலிக்குச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது. அப்புறம்தான் "ம்மா" வந்தது.

இனி கிடார் பக்கம். கார்டு என்றால் ரேஷன் கார்டு இல்லை. மூன்று நாலு சுரத்தை ஒன்றாகத் தட்டுவதற்குத்தான் அந்தப் பெயர். இந்த மாதிரிச் சின்னப் பாட்டுக்கு ஜி, சி, டி என்று மூன்று கார்டு போதும். நான் கவனித்தது என்னவென்றால், கார்டு மாறுகிற இடத்தில் கேட்கிறவர் காது தானாக நிமிர்கிறது. ஆகையால் அங்கே வருகிற எழுத்து ஒரு வார்த்தையின் முதல் எழுத்தாக இருந்தால் நல்லது. "போச்சும்மா"வில் "போ"வுக்குக் கை மாறினால் அழகாக இருக்கிறது. "சு"வுக்கு மாறினால் தோசையைத் திருப்பும்போது பிய்ந்துபோன மாதிரி வார்த்தை இரண்டாகிவிடுகிறது.

இன்னொன்று, கிடார் சத்தம் வயலின் மாதிரி இழுத்துக்கொண்டே இருக்காது. தட்டின நொடியிலிருந்து தேய ஆரம்பித்துவிடும். அதனால் வரி சின்னதாக இருக்கட்டும். எல்லா இடத்தையும் வார்த்தையால் அடைக்கவேண்டாம். "பயணங்கள் முடிவதில்லை" (1982) படத்தில் "இளைய நிலா" பாட்டைத் திரும்பக் கேளுங்கள். முதலில் கிடார்தான் பேசும். அதைப் பேசவிட்டுத்தான் பாட்டு வரும். நம் மாதிரி எழுதுகிறவர்களுக்கு நாலு சொல் கிடைத்தால் நாற்பதைத் திணிக்கிற ஆசை. என் நோட்டில் அடித்துப்போட்டதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

சுருதி விஷயம் சுலபம். அவன் வாசித்த ஜி நம் ஹார்மோனியக் கணக்கில் ஐந்து கட்டை. எனக்கு இன்னும் கொஞ்சம் தூக்கினால் சௌகரியம். கேப்போ என்று ஒரு கிளிப் இருக்கிறது. அதை இரண்டாவது கட்டத்தில் மாட்டினான். விரல் வைக்கிற முறை மாறாமலே ஆறு கட்டை ஆகிவிட்டது.

மூன்றாவது வரியில்தான் வந்தது வினை. "தாலாட்டில் மாமன் வராமல் இருப்பானா?" என்று அத்தை சொல்லிவிட்டார். நியாயம்தானே. பழைய தாலாட்டில் எல்லாம் மாமன்மார் பொன்னும் வெள்ளியும் சுமந்துகொண்டு வருவார்கள். நானும் "மாமன் தந்த வெள்ளிக் கிண்ணம்" என்று எழுதிக் கொடுத்தேன். அளவு கச்சிதம். ஆனால் அவன் வாசித்தபோது அந்த இடம் என்னவோ அழுகிற மாதிரி இருந்தது. "என்னடா பண்றே அங்கே?" என்றேன். சி வரவேண்டிய இடத்தில் இ மைனர் போட்டிருந்தான். மெட்டு மாறவே இல்லை. நான் பாடின சுரம் இரண்டு கார்டிலும் இருக்கிறதாம். கீழே இருப்பது மாறினதும் மேலே இருக்கிற அதே "மாமன்" தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான்.

"ஏன்டா இப்படி?"

"மாமன் எங்கேம்மா வெள்ளிக் கிண்ணம் தந்தான்? அப்பா குடுத்த காசுலதானே பஸ்ல போறான்" என்றான், கம்பியைப் பார்த்துக்கொண்டே.

எனக்கு நெஞ்சை அடைத்தது. ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல? போய்ப் பாத்திரம் தேய்த்தேன். பாட்டில் பொய் எழுதினால் வார்த்தை மெட்டில் உட்கார்ந்தாலும் மனசில் உட்காராது போலிருக்கிறது. அன்று ராத்திரி தொட்டிலை ஆட்டிக்கொண்டே மாற்றினேன்: "மாமன் கையில் ஆறு கம்பி, ஆறும் உன்னைப் பாடும்மா." கிடாருக்கு ஆறு கம்பிதானே. கடைசியில் "கம்பி" என்று குறிலில் முடிகிறதே என்று கவலைப்பட்டேன். காலையில் அவனிடம் காட்டினேன். படித்தான். பேசாமல், அந்த இடத்து நீட்டலை எடுத்துவிட்டு இரண்டு சின்ன சுரமாக உடைத்துக்கொண்டான். வார்த்தைக்காக மெட்டு விட்டுக்கொடுக்கிறதும் உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன். கடிதம் எழுதின தங்கை இதை மகளுக்குப் படித்துக் காட்டலாம். இ மைனரையும் அவனே எடுத்துவிட்டுப் பழையபடி சி போட்டான். நான் கேட்கவில்லை. "ஆறும்னா மனசு ஆறும்னும் ஆச்சு" என்றார் அத்தை. சத்தியமாக நான் அதை நினைத்து எழுதவில்லை.

போன வாரம் ராத்திரி பன்னிரண்டு மணி இருக்கும். நான் பாட, அவன் மெதுவாக வாசிக்க, பெரியவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். (இப்போது எவ்வளவோ பரவாயில்லை. இந்த மாசமும் டாக்டரிடம் போய் வந்தாள்.) தண்ணீர் குடிக்க வந்த இவர் சமையலறை வாசலிலேயே நின்றார். கத்தப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

"மாமன்னு பாடற இடத்துல சத்தம் விட்டுப்போகுது" என்றார்.

சின்னவன் நிமிர்ந்தான். "ஜியிலேர்ந்து சிக்கு எல்லா விரலையும் மாத்தணும்ப்பா. நேரம் பத்தலை."

"அப்ப அதுக்கு முந்தின தட்டை விட்டுடேன். தூங்கும்மான்னு அம்மாதான் இழுத்துக்கிட்டிருக்காளே. மூணு தட்டுக்கு ரெண்டு போதும்."

அவன் அப்படியே செய்து பார்த்தான். ஒருமுறை, இரண்டுமுறை. இவர் கையில் செம்போடு நின்று கேட்டார். மூன்றாவது தடவை "மாமன்" முழுசாக விழுந்தது.

"ம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். ஆபீஸ் கணக்குப் பார்க்கிற மனுஷருக்கு இது எப்படித் தெரிந்தது? எத்தனை ராத்திரி முழித்துக்கொண்டு கேட்டிருக்கிறாரோ! நான் கேட்கவில்லை. இப்போதெல்லாம் "தூங்கும்மா"வில் கிடார் இரண்டு தட்டோடு நிற்கிறது. மூன்றாவதற்குத் தொட்டில் கயிறு கிறீச்சிடுகிறது.

இரண்டாவது பத்தி எழுதணும் என்று அத்தை நச்சரிக்கிறார். அத்தை உறவு இன்னும் வரவில்லையாம். அளவுத் தாள் இருக்கிறது, எழுதிவிடலாம். இதோ, பேத்தி முழித்துக்கொண்டாள். அடுத்த இதழில் பார்ப்போம்.